கூடை முடைவோருடன் வடிவமைப்புக் கூட்டுப்பணி: எந்த நிபந்தனைகள் இருந்தால் அதை நியாய வணிகம் என்று சொல்லலாம்?

வரைகோல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வீட்டுப் பயன்பாட்டுப் பொருள்களை வடிவமைக்கும் பணியில் ஆறு ஆண்டுகளாக இருக்கிறேன். இதுவரை நான் வரைந்தவை எல்லாம் தொழிற்சாலையில் இயந்திரத்தால் உருவானவை. இப்போது முதன்முறையாக, புல்லால் கூடை முடையும் பெண்களின் கூட்டுறவு அமைப்பு ஒன்றுடன் சேர்ந்து புதிய வடிவங்களை உருவாக்கித் தருமாறு ஒரு சிறிய இறக்குமதி நிறுவனம் என்னை அழைத்திருக்கிறது. அந்த அமைப்பு வளரும் நாடு ஒன்றில் இருக்கிறது; ஏறத்தாழ 140 பேர் உறுப்பினர்கள்; பெரும்பாலோர் வீட்டிலிருந்தே முடைகிறார்கள். நான் அங்கே மூன்று வாரங்கள் தங்கி 12 வடிவங்களை முடித்துத் தர வேண்டும் என்பது ஏற்பாடு.

ஒப்பந்த வரைவைப் படித்த பிறகு எனக்குச் சில தயக்கங்கள் எழுந்துள்ளன. வடிவங்களின் உரிமை முழுவதும் நிறுவனத்துக்கே உரியது என்று அதில் எழுதப்பட்டிருக்கிறது. மாதிரிகள் செய்வதற்கான கூலியை யார் கொடுப்பது என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. இதைக் கேட்டபோது, "சந்தையில் கிடைக்கும் கூலியைவிடக் கூடுதலாகத்தான் கொடுக்கிறோம், ஆகவே இது நியாய வணிகம்தான்" என்று பதில் வந்தது. அவர்கள் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை என்றே நம்புகிறேன். ஆனாலும் கூலி கூடுதலாக இருப்பது மட்டும் போதுமா என்ற கேள்வி என்னை விடவில்லை.

இன்னொரு தயக்கமும் உண்டு. தலைமுறை தலைமுறையாக முடைந்து வருபவர்களிடம், புல்லைக் கையில் தொட்டே பார்த்திராத நான் போய் வடிவம் சொல்லிக்கொடுப்பது முறைதானா? இத்துறையில் வாங்கும் பக்கத்திலோ செய்யும் பக்கத்திலோ இருந்தவர்கள், ஒப்பந்தத்தில் நான் எவற்றை வலியுறுத்த வேண்டும் என்று சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும். நான் கையெழுத்திட இன்னும் இரண்டு வாரங்கள் இருக்கின்றன.

கொள்முதல்மேசை எழுதியது:

நியாய வணிக முறையில் கைவினைப் பொருள்களை இறக்குமதி செய்த ஓர் அமைப்பில் 11 ஆண்டுகள் கொள்முதல் பிரிவில் இருந்தேன். உங்கள் தயக்கம் சரியான இடத்தில்தான் எழுந்திருக்கிறது.

முதலில் பெயரைப் பற்றி ஒரு தெளிவு வேண்டும். காப்பி, தேயிலை, கோகோ, வாழைப்பழம் ஆகியவற்றின் உறைகளில் நாம் பார்க்கும் ஃபேர்டிரேட் (நியாய வணிக) முத்திரை ஒரு வகை. 1988-இல் நெதர்லாந்தில் மாக்ஸ் ஹாவலார் என்ற பெயரில் தொடங்கிய முத்திரை முயற்சியும் அதைப் பின்பற்றி மற்ற நாடுகளில் எழுந்த முயற்சிகளும் 1997-இல் ஒரே சர்வதேச அமைப்பாக இணைந்தன. ஒரு கிலோ காப்பிக்கொட்டைக்கு உலக அளவில் குறைந்தபட்ச விலை நிர்ணயிக்க முடியும் என்பதால் அந்த முறை அங்கே வேலை செய்கிறது. ஒவ்வொன்றும் அளவிலும் நுணுக்கத்திலும் வேறுபடும் கூடைகளுக்கு அப்படி ஒரே விலை வைக்க வழியில்லை. ஆகவே கைவினைத் துறையில் பொருளைச் சோதிப்பதற்குப் பதிலாக, வணிகம் செய்யும் அமைப்பின் நடத்தையைச் சோதிக்கும் முறை வளர்ந்தது. 1989-இல் உருவாகி இன்று உலக நியாய வணிக அமைப்பு என்ற பெயரில் இயங்கும் கூட்டமைப்பு வகுத்த 10 கோட்பாடுகள்தாம் அதற்கு அளவுகோல். உங்களை அழைத்த நிறுவனம் அந்தக் கூட்டமைப்பில் உறுப்பினரா என்று கேளுங்கள். உறுப்பினராக இல்லாவிட்டாலும் அந்தக் கோட்பாடுகளை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்வதற்குத் தடை எதுவுமில்லை.

அவற்றில் உங்களுக்கு நேரடியாகப் பயன்படக்கூடியது மூன்றாவது கோட்பாடு. கைவினைப் பொருள்களுக்கான ஆர்டரின்போது, உற்பத்தியாளர் கேட்டால், குறைந்தது 50 விழுக்காடு முன்பணத்தை வட்டியின்றிக் கொடுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. உற்பத்தியாளரின் தவறு இல்லாமல் ஆர்டர் ரத்தானால், அதுவரை செய்த வேலைக்குப் போதிய இழப்பீடு கொடுக்க வேண்டும் என்றும் சொல்கிறது. முன்பணம் என்பதைச் சலுகையாக நினைத்துவிடக் கூடாது. மூலப்பொருளுக்குப் பணம் முதலில் வேண்டும். கானாவின் வடபகுதியில் போல்கட்டங்காவில் முடையப்படும் புகழ்பெற்ற கூடைகளை எடுத்துக்கொள்ளுங்கள்: அவற்றுக்கான யானைப்புல் பெரும்பாலும் நாட்டின் தென்பகுதியிலிருந்து விலைக்கு வாங்கிக் கொண்டுவரப்படுகிறது. முன்பணம் இல்லாத இடத்தில் முடைபவர் புல்லைக் கடனுக்கு வாங்குவார். கடன் கொடுத்த இடைத்தரகரிடமே கூடையைக் குறைந்த விலைக்கு ஒப்படைப்பார். நீங்கள் பேசி வாங்கிக் கொடுத்த கூடுதல் கூலி அந்த வட்டியிலேயே கரைந்துபோகும்.

அடுத்தது கூலிக் கணக்கு. "சந்தையைவிடக் கூடுதல்" என்பது அளவுகோல் ஆகாது, ஏனென்றால் அந்தச் சந்தைக் கூலியே ஒரு குடும்பம் வாழப் போதாததாக இருக்கலாம். ஒரு கூடைக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது என்று அளந்து, அதை அந்தப் பகுதியில் கண்ணியமாக வாழத் தேவைப்படும் வருமானத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அளக்கும்போது நிறைய பேர் செய்யும் பிழை ஒன்றுண்டு. கூட்டத்தில் மிகத் திறமையான ஒருவரை முடையச் சொல்லிக் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அவருடைய வேகம் மற்ற 139 பேருக்கும் இராது. குறைந்தது ஐந்தாறு பேரை, அவர்களில் இளையவர்களும் முதியவர்களும் இருக்குமாறு, அளந்து சராசரி எடுங்கள். புல்லைக் கிழிப்பது, ஊறவைப்பது, முறுக்குவது, சாயமிடுவது, உலர்த்துவது, கடைசியில் நீட்டிக்கொண்டிருக்கும் நுனிகளை நறுக்குவது ஆகிய எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முடையும் நேரத்துக்கு மட்டும் கூலி கொடுத்தால், உழைப்பில் பெரும்பங்கு கணக்குக்கே வராமல் போய்விடும்.

வடிவமைப்பாளர் என்ற முறையில் நீங்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது அளவுகளுக்கிடையிலான விலை வேறுபாடு. 30 செ.மீ. விட்டமுள்ள தட்டை 40 செ.மீ. ஆக்கினால், விட்டம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. முடைய வேண்டிய பரப்போ ஏறத்தாழ 78 விழுக்காடு கூடிவிடுகிறது. வாங்குபவர் விட்டத்தைப் பார்த்து விலை பேசுவார். முடைபவர் பரப்பை முடைந்து கொடுப்பார். நான் பார்த்த விலைப் பட்டியல்களில் மிக அதிகமாக இருந்த அநியாயம் இதுதான். பெரும்பாலும் யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. யாரும் கணக்கிட்டுப் பார்க்காததால் அப்படியே நின்றுவிட்டது.

மாதிரிக் கூலியை நிறுவனம்தான் கொடுக்க வேண்டும். அதில் எனக்கு எந்த ஐயமும் இல்லை. நீங்கள் செய்யும் வேலைக்கு நிறுவனம் ஊதியம் கொடுக்கிறது அல்லவா? நீங்கள் வரைந்த கோட்டைப் பொருளாக்கிப் பார்க்கும் கைக்கும் அதே நாள்களில் ஊதியம் இருக்க வேண்டும். மாதிரி செய்வது பழகிய வடிவத்தை முடைவதைவிட மெதுவாக நடக்கும், பலமுறை பிரித்து முடைய நேரும் என்பதால், துண்டுக் கணக்கில் இல்லாமல் நாள் கணக்கில் கொடுப்பதே முறை.

முடைச்சல் எழுதியது:

நான் மறுபக்கத்திலிருந்து எழுதுகிறேன். இதே போன்ற ஓர் உற்பத்தியாளர் அமைப்பில் ஒருங்கிணைப்பாளராக ஒன்பது ஆண்டுகள் இருந்தேன். அந்த ஆண்டுகளில் எங்களிடம் வந்துபோன வடிவமைப்பாளர்கள் ஏழு பேர். அவர்களில் இருவரைப் பற்றிச் சொன்னால் உங்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

ஒருவர் பத்து நாள்கள் தங்கினார். வரும்போதே வரைபடங்களோடு வந்தார். 22 மாதிரிகள் செய்தோம். அவற்றில் பல சதுரமான மூலைகளைக் கொண்டவை. எங்கள் உறுப்பினர்கள் அடித்தட்டின் நடுவிலிருந்து சுருள் சுருளாக வெளிநோக்கி வளர்த்துச் செல்லும் முறையில் முடைபவர்கள். அந்த முறையில் வட்டம் தானாக வரும், மூலை தானாக வராது. ஒவ்வொரு சுற்றிலும் நான்கு இடங்களில் நின்று இழுத்துப் பிடித்துத்தான் மூலையைக் கொண்டுவர முடியும். வழக்கமான கூடையைப்போல் இரு மடங்கு நேரம் ஆயிற்று. 22 மாதிரிகளில் மூன்றுக்கு ஆர்டர் வந்தது, அதுவும் ஒரே ஒரு முறை. மாதிரி செய்த நாள்களுக்கு யாரும் பணம் கொடுக்கவில்லை. ஆர்டர் வந்தால் அதில் ஈடுகட்டிக்கொள்ளலாம் என்றார்கள். அந்தப் பருவத்தில் மாதிரி செய்ய வந்த ஆறு பெண்களும் மற்றவர்களைவிடக் குறைவாகச் சம்பாதித்தார்கள். எங்களிடம் மிகத் திறமையானவர்களும் அவர்கள்தாம். அடுத்த ஆண்டு மாதிரி செய்ய ஆள் கேட்டபோது ஒருவரும் கை தூக்கவில்லை. அந்த அமைதி எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

மற்றொருவர் முதல் வாரம் முழுவதும் எதையும் வரையவில்லை. வீடு வீடாகப் போய் உட்கார்ந்து பார்த்தார், தாமும் ஒரு சிறிய கூடையை முடையக் கற்றுக்கொண்டார். தர ஆய்வில் திருப்பி அனுப்பப்பட்ட கூடைகளை எல்லாம் ஒரே இடத்தில் குவிக்கச் சொல்லி, ஒவ்வொன்றிலும் பழுது எங்கே என்று குறித்தார். பாதிக்கு மேல் கைப்பிடி விளிம்போடு சேரும் இடத்தில்தான் பழுது. அந்த இணைப்பை இரண்டு சுற்றுக் கீழே இறக்கிக் கட்டும் வழியை இரண்டு மூத்த உறுப்பினர்களோடு சேர்ந்து கண்டுபிடித்தார். பிறகு நாங்கள் ஏற்கெனவே செய்துவந்த மூன்று கூடைகளின் அளவை மட்டும் மாற்றி, ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் தொகுப்பாக ஆக்கினார். கூடை ஏற்றுமதியில் கப்பல் கட்டணத்தின் பெரும்பகுதி கூடைக்குள் இருக்கும் வெற்றிடத்துக்குத்தான் போகிறது. மூன்று கூடைகள் ஒரு கூடையின் இடத்தில் அடங்கியபோது மிச்சமான தொகையிலிருந்துதான் கூலி உயர்வைப் பேச முடிந்தது. அவர் உருவாக்கியவை மொத்தம் ஐந்து வடிவங்கள். அந்த ஐந்தும் நான் வெளியேறும்வரை ஆர்டரில் இருந்தன.

ஆகவே போகலாமா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில், போங்கள் என்பதுதான். சந்தை எந்த அளவை, எந்த வண்ணத்தை, எந்தப் பயனைத் தேடுகிறது என்பது எங்களுக்கு எட்டாத செய்தி. அதைக் கொண்டுவருபவர் எங்களுக்கு வேண்டும். ஆனால் 12 என்ற எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லுங்கள். மூன்று வாரங்களில் 12 வடிவங்கள் என்றால், ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை நாள்தான் கிடைக்கும். அந்த அவசரத்தில் புல் சொல்வதைக் கேட்க நேரமிராது.

வண்ணத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அச்சிட்ட வண்ண அட்டையில் ஒரு சாம்பல் நிறத்தைக் காட்டி, இதே நிறம் வேண்டும் என்று கேட்காதீர்கள். ஒவ்வோர் அறுவடைப் புல்லும் சாயத்தை வேறு விதமாக உறிஞ்சும். மழைக்காலத்தில் அறுத்ததும் கோடையில் அறுத்ததும் ஒரே அண்டாவில் இரண்டு நிறமாக வெளிவரும். நீங்கள் அங்கே இருக்கும்போதே, ஏற்கத்தக்க மிக வெளிறிய நிறத்துக்கு ஒரு கற்றை, மிக அடர்ந்த நிறத்துக்கு ஒரு கற்றை என இரண்டைச் சாயமிட்டு, இரு தரப்பும் ஆளுக்கொரு பகுதியை வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டுக்கும் இடையில் வரும் எந்தக் கூடையையும் நிறத்தைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பக் கூடாது என்று எழுதிவிடுங்கள். நாங்கள் இதைச் செய்யத் தொடங்கிய பிறகு நிறத்துக்காகத் திரும்பிவந்த சரக்கு மிகவும் குறைந்தது.

கடைசியாக, காலம். ஆண்டிறுதி விற்பனைக்கான சரக்கு அதற்குப் பல மாதங்கள் முன்பே கப்பலேற வேண்டும் என்பதால், மிக அதிகமாக முடைய வேண்டிய மாதங்கள் பல இடங்களில் விதைப்பு மாதங்களாகவே அமைந்துவிடுகின்றன. வயலில் நிற்க வேண்டிய பெண் இரவில் விளக்கு வைத்துக்கொண்டு முடைவாள். ஆர்டரை எந்த மாதத்தில் கொடுத்தால் அவர்களுக்கு வசதி என்று அவர்களிடமே கேளுங்கள். எங்களிடம் அதைக் கேட்ட வாங்குபவர் ஒருவரே ஒருவர்.

உரிமைஏடு எழுதியது:

ஒப்பந்தச் சட்டத்தில் பணியாற்றுபவன் என்ற முறையில், வடிவ உரிமை பற்றிய பகுதிக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

"வடிவங்களின் உரிமை முழுவதும் நிறுவனத்துக்கே" என்ற வாசகத்தை அப்படியே ஏற்காதீர்கள். ஒரு கூடையில் நீங்கள் கொண்டுவந்தது எது, அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது எது என்று பிரிக்காமல் எழுதப்பட்ட வாசகம் அது. அவர்களுடைய பாட்டிமார் முடைந்த ஒரு கோலத்தை நீங்கள் புதிய அளவில் பயன்படுத்தினால், அந்தக் கோலத்தை அவர்களே வேறொருவருக்கு முடைந்து விற்பதைத் தடுக்கும் வாய்ப்பை இந்த வாசகம் நிறுவனத்துக்குக் கொடுத்துவிடலாம். நிறுவனம் அப்படிச் செய்யும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நிறுவனம் கைமாறலாம். ஒப்பந்தம் அப்படியே இருக்கும்.

மரபு வடிவங்களைச் சட்டம் காப்பதில் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. பதிப்புரிமைக்கு ஓர் ஆசிரியரும் ஒரு கால வரம்பும் வேண்டும். பல தலைமுறைகள் சேர்ந்து உருவாக்கிய கோலத்துக்கு இரண்டும் இல்லை. உலக அறிவுசார் சொத்துரிமை நிறுவனத்தில் 2024 மே மாதம் ஏற்கப்பட்ட உடன்படிக்கைகூட மரபணு வளங்களையும் அவற்றோடு தொடர்புடைய மரபு அறிவையும் பற்றியதே. கோலங்களுக்கும் நெசவுகளுக்கும் அது பொருந்தாது. சில நாடுகள் தாமே வழி கண்டிருக்கின்றன. குனா என்ற பழங்குடி மக்கள் பல அடுக்குத் துணியை வெட்டித் தைத்து உருவாக்கும் மோலா போன்ற படைப்புகளுக்குப் பனாமா நாடு 2000-ஆம் ஆண்டின் 20-ஆம் எண் சட்டத்தின் வழியாகச் சமூகக் கூட்டுரிமை கொடுத்தது. மெக்சிகோவின் வஹாகா மாநிலத்திலுள்ள சாண்டா மரியா த்லாவிடோல்டெபெக் ஊரின் மரபான மேற்சட்டை 2015-இல் ஒரு பிரெஞ்சு ஆடை நிறுவனத்தின் தொகுப்பில் தோன்றியபோது அந்தச் சமூகம் வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்தது. இப்படிப்பட்ட பல நிகழ்வுகளுக்குப் பிறகு, 2022 ஜனவரியில் மெக்சிகோ, பழங்குடி மற்றும் ஆப்பிரிக்க-மெக்சிகச் சமூகங்களின் பண்பாட்டுச் சொத்தை அவர்களுடைய ஒப்புதலின்றிப் பயன்படுத்துவதைத் தண்டனைக்குரியதாக்கும் சட்டத்தை இயற்றியது. இந்தியாவில் 2003 முதல் நடைமுறையிலுள்ள புவிசார் குறியீட்டுச் சட்டம் வேறொரு வழி. ஆனால் அது காப்பது பெயரைத்தான் என்பதை மறக்கக் கூடாது. வேறு பெயரில் அதே வடிவத்தைச் செய்து விற்பவரை அது தடுக்காது.

சட்டம் இவ்வளவு ஒட்டுப்போட்ட நிலையில் இருப்பதால் உங்கள் ஒப்பந்தமே முதல் பாதுகாப்பு. மரபு முறைகள், முடிச்சுகள், கோலங்கள், அவற்றின் பெயர்கள் ஆகியவை கூட்டுறவுக்கே உரியவை என்று முதலில் எழுதுங்கள். நீங்களும் அவர்களும் சேர்ந்து உருவாக்கும் வடிவங்கள் கூட்டு உடைமை என்று எழுதுங்கள். நிறுவனத்துக்குத் தனி விற்பனை உரிமை வேண்டுமென்றால், அதற்குக் கால வரம்பு வையுங்கள், இரண்டு ஆண்டுகள் போதும். அதோடு ஒரு குறைந்தபட்ச ஆர்டர் அளவையும் சேருங்கள். அந்த அளவுக்கு ஆர்டர் வராத ஆண்டில் தனி உரிமை தானாக நீங்கிவிட வேண்டும். வாங்கவும் மாட்டேன், மற்றவருக்கு விற்கவும் விடமாட்டேன் என்ற நிலை வராமலிருக்க இந்த ஒரு வரி பெரிதும் உதவும். நண்பர் கொள்முதல்மேசை குறிப்பிட்ட மூன்றாவது கோட்பாட்டிலேயே, கைவினை வடிவங்களில் வெளிப்படும் பண்பாட்டு அடையாளத்தைக் காக்க வேண்டும் என்றும், பிற அமைப்புகளின் வடிவங்களை அனுமதியின்றி நகலெடுக்கக் கூடாது என்றும் இருக்கிறது. பேச்சுவார்த்தையில் அதை எடுத்துக்காட்டலாம்.

ஒப்பந்தம் கூட்டுறவினரின் தாய்மொழியிலும் இருக்க வேண்டும் என்பதையும், அதை உறுப்பினர் கூட்டத்தில் வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாவும்ஊடையும் எழுதியது:

மேலே எழுதிய மூவரோடும் பெரும்பாலும் உடன்படுகிறேன். ஒரே ஓர் இடத்தில் மாறுபடுகிறேன். எல்லோரும் வடிவமைப்பாளர் வெளியிலிருந்து வருவார், கைவினைஞர் அவருக்குச் செய்து கொடுப்பார் என்ற ஏற்பாட்டையே எடுத்துக்கொண்டு, அதை எப்படி நியாயமாக்குவது என்று பேசுகிறோம். அந்த ஏற்பாட்டையே மாற்ற முயன்றவர்களும் இருக்கிறார்கள்.

குஜராத்தின் கச்சுப் பகுதியில் 2005-இல் தொடங்கிய கலா ரக்ஷா வித்யாலயா, கைவினைஞர்களுக்கே வடிவமைப்புக் கல்வி கொடுத்த பள்ளி. ஜூடி ஃப்ரேட்டர் அதை நிறுவினார். வண்ணம், அடிப்படை வடிவமைப்பு, சந்தையை அறிதல், கருத்தை வளர்த்தல் எனப் பாடங்களைச் சிறு சிறு அமர்வுகளாகப் பிரித்து ஓராண்டில் பரப்பி வைத்தார்கள். இடைப்பட்ட நாள்களில் மாணவர்கள் தம் வீட்டுக்கும் தறிக்கும் திரும்பிப் போய்ப் படித்ததைச் செய்து பார்க்க முடிந்தது. முறையான கல்லூரிக்குப் போகாத நெசவாளர்களும் சாயமிடுபவர்களும் பூத்தையல் செய்பவர்களும் அதில் படித்தார்கள். அதே வழியில் 2014-இல் சோமையா கலா வித்யா தொடங்கியது. அங்கே படித்தவர்கள் சொந்தப் பெயரில் தொகுப்புகளை உருவாக்கி வாங்குபவரிடம் நேரே பேசுகிறார்கள். ஒரு வடிவமைப்பாளர் வந்துபோவதால் கிடைப்பது ஒரு பருவத்துக்கான வடிவங்கள். வடிவமைக்கும் அறிவே ஊரில் தங்கினால் அடுத்த பருவத்துக்கு யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை.

உங்கள் மூன்று வாரங்களில் ஒரு பள்ளியை நடத்த முடியாதுதான். ஆனால் ஒரு வாரத்தையாவது, நீங்கள் வரைவதற்கு அல்லாமல், நான்கைந்து உறுப்பினர்கள் தாமே வடிவங்களை யோசித்துச் செய்வதற்கு ஒதுக்கலாம். அவர்களுக்கு நீங்கள் கொடுக்கக்கூடிய மிகப் பயனுள்ள பொருள் என்று நான் நினைப்பது, அவர்களுடைய கூடை போய்ச் சேரும் வீடுகளின் படங்கள். கூடை எங்கே வைக்கப்படுகிறது, அதில் என்ன போடுகிறார்கள், அலமாரித் தட்டின் ஆழம் எவ்வளவு என்று தெரிந்தால் அளவை அவர்களே முடிவு செய்வார்கள்.

வடிவமைப்பாளர் விலகி நின்றும் நல்ல வேலை செய்ய முடியும் என்பதற்கு ஒரு சான்று, ஸ்பானிய வடிவமைப்பாளர் அல்வாரோ கத்தலான் தே ஒகோன் கொலம்பியாவில் தொடங்கிய பெட் (PET, பிளாஸ்டிக் புட்டி) விளக்குத் திட்டம். அங்கே காவ்கா பகுதியிலிருந்து உள்நாட்டுப் போரால் இடம்பெயர்ந்து பொகோட்டாவில் வாழ்ந்த எபெராரா சியாபிதாரா மக்களோடு அவர் பணியாற்றினார். பிளாஸ்டிக் புட்டியின் உடலைக் கீற்றுகளாக வெட்டிப் பாவாக்கி, அதன்மேல் அவர்கள் தம் நாரை முடைகிறார்கள். புட்டியின் கழுத்தும் மூடியும் மின்கம்பியைப் பிடித்துக்கொள்கின்றன. வடிவமைப்பாளர் கொடுத்தது அந்த இணைப்பு மட்டுமே. கோலம் முழுவதும் முடைபவரின் விருப்பம், ஆகவே ஒரு விளக்கு மற்றொன்றைப்போல் இராது. 2012-இல் வெளிவந்த பிறகு அதே அடிப்படையில் சிலி, எத்தியோப்பியா முதலிய நாடுகளிலும் அந்தந்த மக்களின் முடைச்சல் முறையோடு அதைச் செய்தார்கள்.

வரைகோல் எழுதியது:

இவ்வளவு பொறுமையாக எழுதிய நால்வருக்கும் என் நன்றி. எல்லாவற்றையும் அச்சிட்டு வைத்துக்கொண்டு நிறுவனத்தோடு ஒரு முறை பேசிவிட்டேன். மாதிரிக் கூலியை நாள் கணக்கில் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். 12 வடிவங்கள் ஆறாகக் குறைந்துவிட்டன. ரத்தாகும் ஆர்டருக்கான இழப்பீட்டைப் பற்றி யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள்.

எனக்கு இன்னும் ஒரே ஓர் ஐயம். எனக்கு மொத்தக் கட்டணத்தோடு, விற்பனையில் 5 விழுக்காடு ராயல்டியும் தருவதாக இருக்கிறது. வடிவம் கூட்டு உடைமை என்றால் அந்த ராயல்டியை நான் மட்டும் வாங்குவது சரியில்லை. முழுவதையும் கூட்டுறவுக்கு விட்டுக்கொடுத்துவிடலாமா?

கொள்முதல்மேசை எழுதியது:

முழுவதையும் விட்டுக்கொடுப்பது உங்கள் நல்ல மனத்தைக் காட்டுகிறது. ஆனால் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அடுத்து வரும் வடிவமைப்பாளருக்கு அது கட்டாயமாகிவிடும். கூட்டுறவுக்கோ அது உரிமையாக இல்லாமல் நன்கொடையாகத் தோன்றும். சரிபாதியாகப் பிரிப்பது நல்லது.

அதைவிட முக்கியமானது, அந்த 5 விழுக்காட்டை எந்த விலையில் கணக்கிடுவது என்பது. கடைக்காரர் தாம் வாங்கிய விலையை ஏறத்தாழ இரட்டித்து விற்பதே இந்தத் துறையில் பரவலான வழக்கம். கடையில் விலை 100 என்றால், இறக்குமதியாளர் கடைக்கு விற்ற விலை 50. கப்பல், சுங்கம், கிடங்கு, அவருடைய சொந்தச் செலவு எல்லாம் போக, கூட்டுறவுக்கு அவர் கொடுத்தது 15 என்று வைத்துக்கொள்வோம். ராயல்டி 15-இல் கணக்கிடப்பட்டால் ஒரு கூடைக்கு முக்கால். 50-இல் என்றால் இரண்டரை. ஒப்பந்தத்தில் வெறுமனே "விற்பனையில்" என்று இருந்தால் எந்த விற்பனை என்று கேளுங்கள், இறக்குமதியாளர் கடைகளுக்கு விற்கும் விலை என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். ஆண்டுக்கு இருமுறை விற்பனைக் கணக்கைக் கூட்டுறவுக்கும் நேரே அனுப்ப வேண்டும் என்பதையும் சேருங்கள். தாம் முடைந்தது எங்கே எவ்வளவு விற்றது என்ற விவரம் பல உற்பத்தியாளர்களின் கைக்கு ஒருபோதும் வருவதில்லை. அடுத்த முறை விலை பேச உட்காரும்போது அந்தத் தாள் அவர்களுக்கு ராயல்டியைவிடக் கூடுதலாகப் பயன்படும்.

இன்னொன்று. இந்த நிறுவனம் எத்தனை ஆண்டுகள் நீடிக்கும் என்பது யாருக்கும் தெரியாது. 1979-இல் தொடங்கிய பிரிட்டனின் டிரெய்ட்கிராஃப்ட் போன்ற பழைய நியாய வணிக நிறுவனமே 2023-இல் வணிகத்தை நிறுத்த நேர்ந்தது. ஒரே வாங்குபவரை நம்பியிருக்கும் கூட்டுறவு அந்த ஒருவரோடு சேர்ந்து விழும். ஆகவே, தனி விற்பனை உரிமை ஆறு வடிவங்களுக்கு மட்டுமே, மற்ற எல்லாக் கூடைகளையும் அவர்கள் யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம் என்ற வரி இருக்கிறதா என்று ஒரு முறை சரிபாருங்கள்.

முடைச்சல் எழுதியது:

ஒரு சிறு வேண்டுகோள். ஒவ்வொரு மாதிரியிலும் இரண்டு செய்யச் சொல்லி, ஒன்றைக் கூட்டுறவிலேயே விட்டுவிட்டு வாருங்கள். இரண்டுக்கும் கூலி கொடுங்கள். ஆறு மாதம் கழித்து ஆர்டர் வரும்போது கையில் மாதிரி இல்லாமல் ஒரு படத்தை மட்டும் பார்த்து முடைந்து, பிறகு அளவு தவறிவிட்டது என்று சரக்குத் திரும்பிவந்த அனுபவம் எங்களுக்கு உண்டு.

வரைகோல் எழுதியது:

நேற்றுக் கையெழுத்திட்டேன். இழப்பீட்டு வரி சேர்க்கப்பட்டுவிட்டது. தனி உரிமை ஆறு வடிவங்களுக்கு மட்டும், இரண்டு ஆண்டுகளுக்கு. ராயல்டி கடைகளுக்கு விற்கும் விலையில் கணக்கிடப்பட்டுப் பாதி கூட்டுறவுக்குப் போகிறது. முன்பணம் 50 விழுக்காடு கேட்டோம். முதல் ஆர்டருக்கு 40 மட்டுமே தர முடியும் என்றார்கள். அதைக் கூட்டுறவுத் தலைவியிடம் தொலைபேசியில் சொன்னேன். புல் வாங்க அது போதும், ஆனால் சாயத்தை நிறுவனமே வாங்கி அனுப்ப வேண்டும், தோல் பொருள்களுக்கும் துணிக்கும் ஆகாது என்று ஐரோப்பாவில் தடுக்கப்பட்ட சாயங்கள் எவை என்று உள்ளூர்க் கடைகளில் யாருக்கும் தெரியாது என்றார். சென்ற முறை சாயச் சோதனையில் தவறிய சரக்கின் இழப்பை அவர்களே ஏற்க வேண்டியிருந்ததாம். சாயமும் சோதனைச் செலவும் நிறுவனத்தின் பொறுப்பு என்று ஓர் இணைப்புத் தாளில் எழுதி, இன்று காலை அனுப்பியிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.